நூல் பழையது, எழுத்தாளர் புதியவர்: அஸ்டவுண்டிங் விருதின் இரண்டு ஆண்டுக் கணக்கு

மேசைவிளக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் நண்பர் ஒருவருடன் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. அதனால் அதை இங்கே கொண்டுவருகிறேன். ஆண்டி வியர் ‘தி மார்ஷியன்’ நாவலை முதலில் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார். 2011-இல் அதையே 99 சென்ட் விலையில் கிண்டிலில் தாமே வெளியிட்டார். 2014-இல் கிரவுன் பதிப்பகம் அதை அச்சில் கொண்டுவந்தது. 2015-இல் ரிட்லி ஸ்காட் அதைத் திரைப்படமாக்கினார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, 2016-இல் கன்சாஸ் நகரில் கூடிய உலக அறிவியல் புனைவு மாநாடு, அதாவது வேர்ல்ட்கான், அவருக்குச் ‘சிறந்த புதிய எழுத்தாளர்’ விருதை அளித்தது. ஊரெல்லாம் திரையரங்கில் பெயர் ஓடிய ஒருவரைப் புதியவர் என்று அழைப்பது வேடிக்கையாக இல்லையா என்று நண்பர் கேட்கிறார். விதி அப்படித்தான் என்றேன். எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த விருது அப்போது ஜான் டபிள்யூ. கேம்பெல் பெயரில் இருந்தது என்பதும், 2019-க்குப் பிறகு அஸ்டவுண்டிங் விருது என்று வழங்கப்படுகிறது என்பதும் தெரியும். அவர்கள் யாரைப் புதியவர் என்று கொள்கிறார்கள், அந்தக் கணக்கு நியாயமானதுதானா என்ற இரண்டையும் விளக்க முடிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பெயர்மாற்றச் சண்டையை மட்டுமே பேசி இழையை முடித்துவிட வேண்டாம் என்பது என் சிறு வேண்டுகோள்.


பழுப்புத்தாள் எழுதியது:

நண்பர் மேசைவிளக்கு அவர்களுக்கு, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இது வேர்ல்ட்கான் ஆண்டுதோறும் அளிக்கும் ஹியூகோ விருது அல்ல. ஹியூகோவுக்கான அதே வாக்குச்சீட்டில் இடம்பெறும், அதே வேர்ல்ட்கான் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள், அதே மேடையில் அதே இரவில் வழங்கப்படும். ஆனாலும் இது ஹியூகோ அல்ல என்று மேடையிலேயே நினைவூட்டுவது ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சடங்காகிவிட்டது. காரணம், இதை நிறுவியது மாநாடு அல்ல, அனலாக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இதழை வெளியிட்டவர்கள். அந்த இதழின் பழைய பெயர்தான் அஸ்டவுண்டிங். கேம்பெல் 1937-இன் இறுதியில் அதன் ஆசிரியரானார், 1960-இல் பெயரை அனலாக் என்று மாற்றினார், 1971 ஜூலையில் இறக்கும்வரை அந்த நாற்காலியை விடவில்லை. அவர் நினைவாக 1973-இல் முதன்முதலாக விருது வழங்கப்பட்டபோது வென்றவர் ஜெர்ரி பூர்னெல். அன்று தோற்றவர்களில் ஒருவர் பின்னாளில் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். தோல்வியை அவர் வீணாக்கவில்லை. அந்த விருதுப் பட்டியலில் இடம்பெற்றவர்களிடம் புதிய கதைகள் வாங்கித் தொகுப்பு வரிசை ஒன்றையே பின்னர் கொண்டுவந்தார். (அதே 1973-இல் சிறந்த நாவலுக்கென்று கேம்பெல் நினைவு விருது என்ற வேறொன்றும் தொடங்கப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் இணையத்தில் ஏராளம், எச்சரிக்கை.)

இனி விதி. ஒரு நூலுக்கோ கதைக்கோ அல்ல, ஓர் ஆளுக்குத்தான் விருது. அவருடைய அறிவியல் புனைவோ மிகைபுனைவோ (ஃபேண்டசி) முதன்முதலாகத் தொழில்முறையில் வெளியான நாளிலிருந்து கணக்குத் தொடங்கும். அதற்கு அடுத்து வரும் இரண்டு ஆண்டு விருதுகளுக்கு மட்டுமே அவர் தகுதியுடையவர். மூன்றாம் ஆண்டில் கதவு சாத்தப்படும், பிறகு எக்காலத்திலும் திறக்காது. தொழில்முறை என்பதற்கு அப்போது வைத்திருந்த அளவுகோல், பெயரளவுக்கு மேல் பணம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது கணிசமான எண்ணிக்கையில் பிரதிகள் அச்சாகியிருக்க வேண்டும் என்பதாகும். அந்தக் கணக்கில் வியரின் 2011 கிண்டில் பதிப்பு சேரவில்லை. 2014-இல் கிரவுன் வெளியிட்டதுதான் தொடக்கம். ஆகவே 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகள். அவர் வென்றது இரண்டாவது, கடைசி வாய்ப்பில்.

இதில் உங்கள் நண்பர் ரசிக்கக்கூடிய முரண் ஒன்று உண்டு. ஹியூகோவின் நாவல் பிரிவுக்கு யார் வெளியிட்டார்கள் என்பது பொருட்டல்ல, முதலில் எப்போது வெளியானது என்பதே பொருட்டு. அந்த விதிப்படி 2014-இல் வந்த நூல் மூன்று ஆண்டுப் பழையது. ஒரே வாக்குச்சீட்டின் ஒரு பக்கத்தில் நூல் பழையது, மறுபக்கத்தில் எழுத்தாளர் புதியவர்.


சந்தேகி எழுதியது:

விளக்கம் தெளிவாக இருக்கிறது, ஐயா. ஆனால் விதியை விளக்குவதும் அதை நியாயப்படுத்துவதும் ஒன்றல்ல. என் பார்வையில் இந்த இரண்டு ஆண்டுக் கணக்கு, வேகமாக ஓடுபவர்களுக்குப் பரிசளித்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறது.

கென் லியூவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் கதை 2002-இல் வெளியானது. ஆகவே 2004-உடன் அவர் ‘புதியவர்’ என்ற நிலை முடிந்தது. அவரை உலகம் அறிந்துகொண்டது 2011-இல் வெளியான ‘தி பேப்பர் மெனாஜரி’ என்ற சிறுகதையால். ஹியூகோ, அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கத்தின் நெபுலா, உலக மிகைபுனைவு விருது ஆகிய மூன்றையும் வென்ற முதல் படைப்பு அதுதான். என். கே. ஜெமிசின் 2000-களின் நடுவிலேயே சிறுகதைகள் வெளியிட்டுவிட்டார். முதல் நாவல் 2010-இல் வந்தபோது அவரது கடிகாரம் நின்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நாவலுக்கான ஹியூகோவை வென்றார். புதிய எழுத்தாளர்களை அடையாளம் காட்டுவதற்கென்றே ஏற்பட்ட விருது, ஒரு தலைமுறையின் மிக முக்கியமான இரண்டு புதியவர்களை அடையாளம் காட்டவில்லை. இவர்கள் செய்த குற்றம், சிறுகதையில் தொடங்கிப் பொறுமையாக வளர்ந்தது.

மறுபக்கம், கையில் ஒரு பெரிய நாவலோடு, பின்னால் ஒரு பெரிய பதிப்பகத்தோடு வருபவருக்கு இரண்டு ஆண்டு தாராளமாகப் போதும். 2006-இல் ஸ்கால்சி, 2007-இல் நவோமி நோவிக், 2011-இல் லெவ் கிராஸ்மன், 2016-இல் வியர், 2020-இல் ஆர். எஃப். குவாங், 2022-இல் ஷெல்லி பார்க்கர்-சான் என்று பட்டியலைப் பாருங்கள். எல்லாருமே நாவலோடு வந்தவர்கள். இவர்கள் தகுதியற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி வேறு: விருது அளப்பது எழுத்தையா, வெளியீட்டுத் திட்டத்தையா?


அரைநிலா எழுதியது:

சந்தேகி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு அதே பட்டியலிலேயே மறுப்பு இருக்கிறது. டெட் சியாங் 1992-இல் இந்த விருதை வென்றபோது அவர் வெளியிட்டிருந்தவை மூன்றே மூன்று கதைகள். அவற்றில் முதலாவதான ‘டவர் ஆஃப் பாபிலோன்’ 1990-இல் ஆம்னி இதழில் வந்து நெபுலாவை ஏற்கெனவே பெற்றிருந்தது. அதாவது முதல் கதைக்கே துறையின் மூத்த விருது, அதற்குப் பிறகுதான் புதியவர் விருது. (வரிசை தலைகீழாக இருப்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) 2012-இல் வென்ற ஈ. லில்லி யூவை வாசகர்கள் அறிந்திருந்தது பெரும்பாலும் குளவிகளையும் தேனீக்களையும் பற்றிய ஒரு சிறுகதையால். 2018-இல் ரெபெக்கா ரோன்ஹார்ஸ் வென்றபோதும் அப்படித்தான்: 2017 ஆகஸ்டில் வெளியான ஒற்றைச் சிறுகதை அவருக்கு அதே இரவில் ஹியூகோவையும் இந்த விருதையும் பெற்றுத் தந்தது. முதல் நாவல் அந்தக் கோடையில்தான் கடைக்கு வந்திருந்தது.

ஆகவே சிறுகதை எழுதுபவரை விதி தடுப்பதில்லை. ஆனால் வாக்களிப்பவர் யார் என்பது இருக்கிறது. நடுவர் குழு என்றால் நான்கைந்து பேர் கடமையாக எல்லாவற்றையும் படித்துவிட்டு உட்காருவார்கள். இங்கே வாக்களிப்பது மாநாட்டு உறுப்பினர்கள். சந்தா கட்டிய எவரும் உறுப்பினராகலாம். அவர்கள் முன்மொழியும்போது மனத்தில் எந்தப் பெயர் தங்கியிருக்கிறதோ அதைத்தான் எழுதுவார்கள். ஆண்டுக்கு இரண்டு கதை, அதுவும் வெவ்வேறு இதழ்களில் எழுதுபவரின் பெயர் பலர் மனத்தில் ஒரே நேரத்தில் தங்குவது அரிது. சியாங்குக்கு நேர்ந்தது எல்லாருக்கும் நேராது.

இது எழுதுபவர்களின் நடத்தையையும் மாற்றுகிறது என்பதை என் சிறு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதிய மிகைபுனைவுக் கதை ஒன்றை வெளிநாட்டு மின்னிதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. நல்ல தொகையும் கொடுக்க முன்வந்தார்கள். மகிழ்ச்சியோடு எழுத்துப் பட்டறைத் தோழி ஒருவருக்குச் சொன்னபோது, வாழ்த்துக்கு அடுத்த வாக்கியமாக அவர் சொன்னது, “கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, தெரியுமல்லவா?” என்பதுதான். எனக்கு அந்த விருது கிடைக்கும் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. இருந்தும் அன்று இரவு, இரண்டாம் கதை எப்போது, மூன்றாம் கதை எப்போது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாவல் முடியும்வரை கதைகளை விற்காமல் வைத்திருக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. புதியவரை ஊக்குவிக்கும் விருதொன்று, வெளியிடாதே, காத்திரு என்று ஒரு சிலரையாவது எண்ணவைக்கிறது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.


கடலோரவாசி எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். சந்தேகியின் வாதத்துக்கு எங்கள் ஊரிலேயே பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. வஜ்ர சந்திரசேகரவின் முதல் நாவல் ‘தி செயிண்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்’ 2023-இல் வெளியானது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் ஆங்கில இதழ்களில் சிறுகதைகள் எழுதிவந்தவர் என்பதால், அஸ்டவுண்டிங் கணக்கில் அவர் புதியவராக இருந்த காலம் நாவலுக்கு வெகு முன்பே கழிந்துவிட்டது. ஆனால் 2024-இல் கிராஃபோர்டு விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது. அந்த விருது 1985 முதல் வழங்கப்படுகிறது. எழுத்தாளரின் முதல் மிகைபுனைவு நூலுக்கு, நடுவர் குழுவின் பரிந்துரையின்பேரில். முன்பு எத்தனை சிறுகதை எழுதினீர்கள் என்று அது கேட்பதில்லை. அதே ஆண்டு சிறந்த நாவலுக்கான நெபுலாவும் அவருக்கே வந்தது.

எனவே ஒரு விருது தவறவிட்டதை இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. லோகஸ் இதழின் வாசகர்கள் 1981 முதல் முதல் நாவலுக்குத் தனியே வாக்களிக்கிறார்கள். ஜெமிசினின் முதல் நாவல் வென்றது அதைத்தான். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மிகைபுனைவுச் சங்கம் சிட்னி ஜே. பவுண்ட்ஸ் பெயரில் புதுவரவுக்கான விருது தருகிறது. 2014-இல் சோபியா சமதார் கிராஃபோர்டு, கேம்பெல் இரண்டையுமே வென்றார் என்பதால், இரண்டு அளவுகோலும் ஒருவரிடத்தில் சந்திப்பதும் நடக்கக்கூடியதே. அஸ்டவுண்டிங்கை ஒரே வாசலாக நினைத்தால்தான் அதன் குறுகல் நம்மை வருத்தும்.


மேசைவிளக்கு எழுதியது:

கடலோரவாசி சொன்னதைப் படித்தபோது நம் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் நினைவுக்கு வந்தது. அங்கே 35 வயதுதான் எல்லை. அந்த அளவுகோலில் லெவ் கிராஸ்மன் 2011-இல் நுழைந்தே இருக்க முடியாது, அவருக்கு அப்போது 42 வயது. வயதை எண்ணுவது, முதல் நூலை எண்ணுவது, முதல் விற்பனையிலிருந்து நாளை எண்ணுவது என்று மூன்றும் மூன்று வகை மனிதர்களைப் புதியவர் ஆக்குகின்றன. பிள்ளைகளை வளர்த்துவிட்டு ஐம்பதில் எழுதத் தொடங்குபவருக்கு இடம் தருவதில் அஸ்டவுண்டிங் விதி நம்முடையதைவிட மேலானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் வெளியாகவே வெளியாகாதவர்களுக்கு என்று ஏதேனும் உண்டா?


பழுப்புத்தாள் எழுதியது:

உண்டு. அதைச் சொல்லப் போனால் ஒரு பழங்கதையும் உடன் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1939-இல் பணமுடையில் இருந்த ராபர்ட் ஹைன்லைன், புதிய எழுத்தாளர்களுக்கு 50 டாலர் பரிசு என்று ஓர் இதழ் அறிவித்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தம் முதல் கதையை எழுதினாராம். எழுதி முடித்தபின் எண்ணிப் பார்த்தால் 7,000 சொற்கள். சொல்லுக்கு ஒரு சென்ட் தந்த அஸ்டவுண்டிங்குக்கு அனுப்பினால் 70 டாலர் கிடைக்கும். போட்டியை விட்டுவிட்டுக் கேம்பெலுக்கு அனுப்பினார், அவர் வாங்கிக்கொண்டார். பின்னாளில் ஹைன்லைனே இதை எழுதியிருக்கிறார். புதியவருக்குப் பரிசைக் காட்டிலும் ஓர் ஆசிரியரின் காசோலை பெரிது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது. அந்த ஒரே கோடையில் அசிமோவ், வான் வோக்ட், ஹைன்லைன் மூவரும் அஸ்டவுண்டிங் பக்கங்களில் முதன்முதலாக அச்சேறினார்கள். புதியவர் விருதுக்குக் கேம்பெலின் பெயரைச் சூட்டியபோது எவருக்கும் அது விந்தையாகப் படாததற்கு இதுதான் காரணம்.

இப்போது உங்கள் கேள்வி. வெளியாகாதவர்களுக்கும், ஓரிரு கதை மட்டுமே வெளியானவர்களுக்கும் உள்ளது ‘ரைட்டர்ஸ் ஆஃப் தி ஃபியூச்சர்’ போட்டி. எல். ரான் ஹப்பர்டு 1983-இல் தொடங்கியது. ஆண்டுக்கு நான்கு சுற்று, நுழைவுக் கட்டணம் இல்லை, எழுதியவர் பெயர் தெரியாமலே நடுவர்கள் படிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் பரிசு 1,000 டாலர், ஆண்டின் பெரும் பரிசு 5,000 டாலர், அத்துடன் தொகுப்பு நூலில் இடம், மூத்த எழுத்தாளர்களின் பட்டறை. பாட்ரிக் ராத்ஃபஸ் தம் பெரிய நாவல் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு இதில் வென்றவர். சந்தேகி வருந்திய கென் லியூவின் கதையும் தொடக்க காலத்தில் இதன் தொகுப்பு ஒன்றில் வந்தது.

ஆனால் ஹப்பர்டு என்றால் அவர் நிறுவிய சயன்டாலஜி என்ற மத அமைப்பு. போட்டியின் பின்னுள்ள நிறுவனங்களுக்கும் அந்த அமைப்புக்கும் உள்ள உறவைச் சொல்லி, கதை அனுப்பவே மறுக்கும் இளையவர்கள் இருக்கிறார்கள். பணமும் பட்டறையும் உண்மையானவை என்று அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். சயன்டாலஜிக்கு முன்னோடியான ஹப்பர்டின் டயனடிக்ஸ் கட்டுரை 1950 மே மாதம் முதலில் பெரிதாக வெளியானது எங்கே என்று நினைக்கிறீர்கள்? கேம்பெலின் அஸ்டவுண்டிங்கில்தான். பழைய புத்தகக் கடையில் மூட்டையோடு வாங்கிய இதழ்களில் அது ஒன்று என்னிடம் கிடக்கிறது. அட்டை போய்விட்டது, கரையான் மட்டும் முழுமையாகப் படித்திருக்கிறது. புதியவர்களுக்கான இரண்டு பெரிய விருதுகளின் வேர்களும் ஒரே இதழில் போய் முடிகின்றன.


சந்தேகி எழுதியது:

மேசைவிளக்கின் வேண்டுகோளை மதித்துப் பெயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆனால் அது கடிகாரத்தோடு தொடர்பற்றது அல்ல. கேம்பெல் புதியவர்களை வளர்த்தார் என்பது உண்மை. 1960-களில் தம் தலையங்கங்களில் அடிமைமுறைக்கும் இன ஒதுக்கலுக்கும் ஆதரவாக எழுதினார் என்பதும் உண்மை. சாமுவேல் டிலேனி தம் ‘நோவா’ நாவலைத் தொடராக வெளியிட அனுப்பியபோது, கறுப்பினக் கதைநாயகனோடு தம் வாசகர்கள் ஒன்றமாட்டார்கள் என்று கேம்பெல் மறுத்துவிட்டதாக டிலேனியே 1998-இல் எழுதிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அப்போது டிலேனி புதியவர்கூட அல்ல, நெபுலா வென்றவர். அப்படியென்றால், உண்மையிலேயே புதியவராக இருந்து, மறுப்புக் கடிதத்தோடு எழுத்தையே நிறுத்திக்கொண்டவர்களின் பெயர்கள் நமக்கு எப்படித் தெரியும்?

2019 ஆகஸ்டில் டப்ளின் மேடையில் விருதைப் பெற்றுக்கொண்ட ஜனெட் இங், கேம்பெலைப் பாசிசவாதி என்று அழைத்தே உரையைத் தொடங்கினார். தாம் பிறந்த ஹாங்காங்கில் அப்போது நடந்துகொண்டிருந்த போராட்டத்தையும் நினைவுகூர்ந்தார். பத்து நாள்கூட ஆகவில்லை, அனலாக் ஆசிரியர் டிரெவர் குவாக்ரி விருதின் பெயரை மாற்றி அறிவித்தார். அடுத்த ஆண்டு அந்த உரைக்கே ஒரு ஹியூகோ கிடைத்தது. ஆளின் பெயர் போய் இதழின் பெயர் வந்தது. அந்த இதழை முப்பது ஆண்டுக்கும் மேலாக நடத்தியவர் அதே ஆள் என்பதால் இது முழு விலகல் ஆகாது என்பது என் கருத்து. என்றாலும் முன்பிருந்ததைவிட மேல்.


அரைநிலா எழுதியது:

பெயர் மாறியது, விதி மாறவில்லை. அந்த விதியின் கொடுமை 2023-இல்தான் முழுதாக வெளிப்பட்டது என்று நினைக்கிறேன். இந்த இழையில் இதுவரை எவரும் அதைத் தொடாதது வியப்பாக இருக்கிறது.

சிரான் ஜே சாவ் என்ற கனடா எழுத்தாளரின் முதல் நாவல் ‘அயர்ன் விடோ’ 2021-இல் வெளியானது. சீனப் பேரரசி வூ ஸெத்தியனை, மாபெரும் போர் எந்திரங்கள் ஓடும் எதிர்கால உலகில் வைத்து எழுதிய கதை. கணக்குப்படி 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகள் அவருக்குரியவை. 2022-இல் சிகாகோ மாநாட்டில் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார், வெல்லவில்லை. 2023 மாநாடு சீனாவின் செங்டூ நகரில் நடந்தது. அதன் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாக்கு விவரம் 2024 ஜனவரியில் வெளியானபோதுதான், அவர் பெயருக்கு எதிரே ‘தகுதியற்றவர்’ என்று போட்டிருந்தது தெரியவந்தது. காரணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. சென்ற ஆண்டு தகுதியோடு பட்டியலில் இருந்தவர், இரண்டாம் ஆண்டுக்குள் எப்படித் தகுதி இழந்தார்? இரண்டு ஆண்டு விதியை எப்படித் திருப்பிப் படித்தாலும் அதற்கு விடை இல்லை. அதே பட்டியலில் குவாங்கின் ‘பேபல்’ நாவலும் அதே சொல்லோடு நீக்கப்பட்டிருந்தது. நெபுலாவையும் லோகஸையும் வென்ற நாவல் அது, எழுதியவரோ 2020-இல் இதே அஸ்டவுண்டிங் விருதைப் பெற்றவர். பிப்ரவரியில் கசிந்த மின்னஞ்சல்கள், விருதை நிர்வகித்தவர்கள் எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் துருவிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைக் காட்டின.

இரண்டு அநீதிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல என்பதே நான் சொல்லவருவது. குவாங் அடுத்த நாவலுக்கு ஹியூகோவில் மீண்டும் போட்டியிட முடியும்; எந்த எழுத்தாளருக்கும் இன்னொரு நூல் உண்டு. சிரான் ஜே சாவுக்கு இன்னொரு தொடக்கம் கிடையாது. ஒரே ஒருமுறை மட்டும் திறந்திருக்கும் கதவு, திறந்திருக்க வேண்டிய நேரத்தில் பூட்டப்பட்டது. மன்னிப்பு கேட்டாலும், நிர்வாகிகளைக் கண்டித்தாலும் அந்த ஆண்டு திரும்பி வராது. அதைத் திருப்பித் தரும் வழி ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் 2024 கிளாஸ்கோ மாநாடு செய்தது: விருதை நடத்துபவர்களின் ஒப்புதலோடு, சிரான் ஜே சாவின் தகுதிக் காலத்தை மேலும் ஓர் ஆண்டு நீட்டியது. அவர் இறுதிப் பட்டியலுக்கு வந்தார், வென்றார்.

(2023-இல் வென்ற டிராவிஸ் பால்ட்ரீயை இதில் யாரும் குறை சொல்லக் கூடாது. அவரும் நாவலைத் தாமே வெளியிட்டுத் தொடங்கியவர்தான். அதே ஆண்டுக்குள் டோர் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. வியர் மூன்று ஆண்டு காத்திருந்து கடந்த தூரத்தை, பதினொரு ஆண்டு கழித்து வந்தவர் ஒன்பது மாதத்தில் கடந்தார்.)


சந்தேகி எழுதியது:

அரைநிலா எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் என் பெயருக்கு ஏற்ப ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கிளாஸ்கோவில் ஒருவருக்கு மூன்றாம் ஆண்டு கொடுத்தபோது, அதே பட்டியலில் தம் இரண்டாவது, கடைசி ஆண்டில் நின்றவர்களின் நிலை என்ன? செங்டூவில் நடந்ததற்கு அவர்கள் எவ்வகையிலும் பொறுப்பல்ல. மூன்று ஆண்டுப் புகழும், அநீதி இழைக்கப்பட்டவர் என்ற பரிவும் சேர்ந்த ஒருவரோடு போட்டியிட வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டார்கள். ஒருவரிடம் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தபோது, அதற்கான விலையில் ஒரு பங்கை வேறு சிலர் செலுத்தினார்கள்.


அரைநிலா எழுதியது:

அது உண்மைதான். என்னிடம் முழு விடை இல்லை. ஒரு செய்தி மட்டும் சொல்ல முடியும்: கிளாஸ்கோ பட்டியலில் இருந்த மோனிக்வில் பிளாக்கூஸ் அதே இரவில் இளையோர் நூலுக்கான லோட்ஸ்டார் விருதைப் பெற்றார் (அதுவும் ஹியூகோ அல்ல!), முதல் ஆண்டில் இருந்ததால் 2025-இல் மீண்டும் வந்து அஸ்டவுண்டிங்கையும் வென்றார். அவருக்கு இழப்பில்லை. கடைசி ஆண்டில் இருந்தவர்களுக்கு அப்படி ஓர் அடுத்த ஆண்டு இல்லை. பட்டியலில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஓர் ஆண்டு நீட்டியிருக்கலாமே என்றால், அப்போது 2025-இல் நுழைந்தவர்கள் கேட்பார்கள். எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். பறிக்கப்பட்டவரிடம் நிறுத்தியது குறைந்த தீங்கு என்று நினைக்கிறேன்.


மேசைவிளக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை நண்பருக்கு அனுப்பினேன். வியர் விவகாரத்தில் அவர் ஒருவழியாகச் சமாதானமடைந்துவிட்டார். ‘நூல் பழையது, எழுத்தாளர் புதியவர்’ என்ற வரி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் உடனே அடுத்ததைத் தொடங்கிவிட்டார். கிராஸ்மன் 2011-க்கு முன்பே இரண்டு நாவல்களைப் பெரிய பதிப்பகங்கள் வழியாக வெளியிட்டவராயிற்றே, அவற்றுக்குப் பணமும் வாங்கியிருப்பாரே, அவர் மட்டும் எப்படிப் புதியவர் என்கிறார்.


பழுப்புத்தாள் எழுதியது:

விதியில் ‘அறிவியல் புனைவோ மிகைபுனைவோ’ என்ற சொற்களை நான் எழுதியிருந்தேன், அதை உங்கள் நண்பர் தாண்டிப் போய்விட்டார். கிராஸ்மனின் 1997, 2004 நாவல்கள் இந்த வகைக்குள் வருவதாகக் கொள்ளப்படவில்லை. ‘தி மெஜிஷியன்ஸ்’ 2009-இல் வெளியான அன்றுதான் அவருக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. 2010, 2011, இங்கேயும் கடைசி ஆண்டில்தான் வெற்றி. அப்போதே டைம் இதழில் பிறர் நூல்களுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தவர் அவர் என்பதையும் நண்பரிடம் சொல்லிவிடுங்கள். எப்படியும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.